ஆளுநர் கூலிட்ஜும் பாஸ்டன் காவலரும்

ஒரு நகரத்தைக் காக்கும் காவலர்கள், தமக்குக் குறை நேர்ந்தபோது, மற்றத் தொழிலாளரைப் போலவே வேலைநிறுத்தம் செய்யலாமா? செய்யலாகாது எனின், அவர்தம் குறையைத் தீர்த்து வைக்கும் கடமை யாரைச் சார்ந்தது? இவ்விரு வினாக்களும் 1919-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எழுந்தன. முதல் வினாவுக்கு அம்மாநில ஆளுநர் ஒரே வாக்கியத்தில் விடை பகர்ந்தார். அவ்வொரு வாக்கியமே அவரை நாட்டின் குடியரசுத் தலைவர் பதவிக்குச் செல்லும் வழியில் நிறுத்தியது. இரண்டாம் வினாவுக்கு அவர் தந்த விடை யாது என ஆராய்வது வரலாறு பயிலும் மாணவர்க்கு இன்னும் மிகுந்த பயன் தருவதாகும். அவ்வாளுநரின் பெயர் கால்வின் கூலிட்ஜ்.

முதற்கண் ஒரு விளக்கம் வேண்டும். ஆளுநர் என்றவுடன் நம் மாணவர்கள் இந்தியக் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பெறும் ஆளுநரை நினைத்துக்கொள்வர். அமெரிக்க மாநில ஆளுநர் அத்தகையர் அல்லர். அவர் மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப்படுபவர். மாநில நிருவாகத்தின் உண்மைத் தலைவர். சட்டமன்றம் நிறைவேற்றும் மசோதாவை மறுத்துத் திருப்பி அனுப்பும் உரிமை உடையவர். மாநிலத்தின் ஆயுதப் படைக்குத் தலைமை தாங்குபவர். நம் நாட்டு முதலமைச்சரின் பொறுப்பு அங்கு ஆளுநரிடமே இருக்கின்றது எனலாம். கூலிட்ஜின் காலத்தில் மாசசூசெட்ஸ் ஆளுநரின் பதவிக் காலம் ஓராண்டு மட்டுமே. ஆண்டுதோறும் மக்கள் முன் சென்று நின்றாக வேண்டும். அவர் செய்த செயலின் துணிவை அளந்தறிய இச்செய்தி உதவும்.

கூலிட்ஜ் 1872-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், அமெரிக்க விடுதலைத் திருநாளன்றே, வெர்மான்ட் மாநிலத்து மலைகளுக்கிடையே உள்ள பிளிமத் நாட்ச் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் உழவர், சிறு கடையும் நடத்தியவர், ஊர்ப் பொறுப்புகள் பலவற்றை ஏற்று நடத்தியவர். அந்நாட்டு மண் கல் மிகுந்தது; குளிர்காலம் நெடியது. வீண் செலவும் வீண் பேச்சும் அங்கு வாழ்வார்க்குப் பழக்கமில்லை. கூலிட்ஜ் தம் பன்னிரண்டாம் அகவையில் அன்னையை இழந்தார். ஐந்தாண்டுகள் கழித்து ஒரே தங்கையையும் இழந்தார். இயல்பாகவே அடக்கமுடைய சிறுவன் மேலும் அடங்கிய இயல்பினன் ஆனான் என்பதில் வியப்பில்லை.

ஆமர்ஸ்ட் கல்லூரியில் பயின்று 1895-இல் பட்டம் பெற்றார். அங்குத் தத்துவப் பேராசிரியராக விளங்கிய சார்லஸ் கார்மன் என்பவரின் வகுப்புகள் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. தொண்டு செய்வதற்காகவே ஆற்றல் தரப்பட்டுள்ளது என்னும் கருத்தைத் தாம் அவ்வாசிரியரிடமே பெற்றதாகக் கூலிட்ஜ் வாழ்நாள் முழுதும் நன்றியுடன் கருதினார். பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்ப்டன் நகரில், வழக்கறிஞர் இருவரின் அலுவலகத்திலேயே இருந்து சட்டம் கற்று, 1897-இல் வழக்கறிஞரானார். 1905-இல், அந்நகரில் செவிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றிய கிரேஸ் குட்ஹியு அம்மையாரை மணந்தார். கணவர் பேசாதவர்; மனைவியார் எல்லாரிடமும் கலகலப்பாகப் பழகுபவர். அவ்வில்லறம் இனிதே நடந்தது.

அவருடைய அரசியல் வாழ்வு படிப்படியாக ஏறிய ஏணி போன்றது. நகர மன்ற உறுப்பினர், நகர வழக்கறிஞர், மாநிலப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், நார்தாம்ப்டன் நகரத் தலைவர், மாநில மேலவை உறுப்பினர், அம்மேலவையின் தலைவர், துணை ஆளுநர் என ஒவ்வொரு படியிலும் நின்று, வேலை கற்று, அடுத்த படிக்குச் சென்றார். மக்கள் வாக்களித்த தேர்தல்களில் அவர் தோற்றது ஒரே முறைதான். 1905-இல் நார்தாம்ப்டன் பள்ளிக் குழுத் தேர்தலில். 1918 நவம்பரில் குடியரசுக் கட்சியின் சார்பில் நின்று, ஜனநாயகக் கட்சியின் ரிச்சர்டு லாங் என்பவரைவிட ஏறத்தாழ 17,000 வாக்குகள் மிகுதியாகப் பெற்று ஆளுநர் ஆனார்.

அவரைப் பழமை பேணும் கொள்கையினர் என்று வரலாற்று நூலோர் வகைப்படுத்துவர். இச்சொல்லை மாணவர்கள் பிழைபட உணர்ந்துகொள்ளலாகாது. மாறுதல் எதுவும் வேண்டா என்பதன்று அக்கொள்கை. உள்ள நிறுவனங்களைக் காத்தல், அரசின் செலவைச் சுருக்குதல், புதுச் சட்டங்களை அடுக்கிக்கொண்டே போகாமை, தனி மனிதனின் உழைப்பிலும் சிக்கனத்திலும் நம்பிக்கை வைத்தல் ஆகிய இவையே அதன் கூறுகள். 1914-இல் மேலவைத் தலைவராகப் பொறுப்பேற்றபோது ஆற்றிய உரையில், சட்டம் இயற்ற விரையாதீர், இயற்றிய சட்டங்களை நிருவாகம் செயற்படுத்த அவகாசம் தாரும் என்று அறிவுறுத்தினார். மறு ஆண்டு அதே பொறுப்பை மீண்டும் ஏற்றபோது, தம் உரையை ஒருசில வாக்கியங்களில் முடித்துவிட்டார். அதில் அவர் இறுதியாகக் கூறிய அறிவுரையும் சுருங்கப் பேசுக என்பதே. பயனில சொல்லாமை என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவப் பெருந்தகை கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்.

ஆயினும் அவர் தொழிலாளரின் பகைவர் அல்லர். மகளிர் வாக்குரிமையை ஆதரித்தார். 1912-இல் லாரன்ஸ் நகரத்து நெசவாலைகளில் மாபெரும் வேலைநிறுத்தம் மூண்டபோது, இரு தரப்பினரையும் இணக்கம் செய்வதற்கு அமைந்த சட்டமன்றக் குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். அப்போராட்டம் தொழிலாளர்க்கு ஊதிய உயர்வு கிடைத்து முடிந்தது. ஆளுநரானபின், பெண்களும் சிறுவர்களும் வாரத்திற்கு 54 மணி நேரம் உழைத்து வந்ததை 48 மணியாகக் குறைக்கும் சட்டத்தில் 1919-இல் கையெழுத்திட்டார். நூற்றுக்கு மேற்பட்டுப் பல்கிக் கிடந்த அரசுத் துறைகளை இருபதுக்குள் அடக்கினார். சட்டமன்ற உறுப்பினர் தமக்குத் தாமே ஊதியத்தை உயர்த்திக்கொள்ள நிறைவேற்றிய மசோதாவை மறுத்துத் திருப்பினார். இத்தகைய ஒருவரின் ஆட்சியில்தான் பாஸ்டன் காவலரின் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது.

அக்காலச் சூழ்நிலையைச் சிறிது நோக்குவோம். முதல் உலகப் போர் முடிந்து ஓராண்டுகூட நிறையவில்லை. போர்க்காலத்தில் விலைவாசி பெரிதும் ஏறிவிட்டது. ஊதியம் அதற்கு ஈடாக ஏறவில்லை. 1917-இல் நிகழ்ந்த ரஷ்யப் புரட்சியின் அதிர்ச்சி அமெரிக்கரை விட்டு நீங்கவில்லை. 1919 பிப்ரவரியில் சியாட்டில் நகரில் பொது வேலைநிறுத்தம் நடந்திருந்தது. எங்கு வேலைநிறுத்தம் நேரினும் அதனைப் புரட்சியின் முன்னோட்டமாகக் கண்டு அஞ்சிய காலம் அது.

பாஸ்டன் காவலர்களின் குறைகளோ எளியவை, உண்மையானவை. அவர்கள் வாரத்தில் 70 மணிக்கு மேலும் பணியாற்றினர். சீருடையைத் தம் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டியிருந்தது. இரவு தங்க வேண்டிய காவல் நிலையங்கள் பழுதுற்று, எலியும் பூச்சியும் மலிந்து கிடந்தன. பல முறை முறையிட்டும் பயன் காணாமையால், 1919 ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் இணைப்பைப் பெற்றுச் சங்கம் அமைத்தனர். வேறு நகரங்கள் பலவற்றின் காவலர்களும் அவ்வாண்டு அவ்வாறே செய்திருந்தனர்.

இங்கு நிருவாக அமைப்பில் ஒரு சிக்கல் இருந்தது. பாஸ்டன் காவல்துறைக்குச் செலவிடுவது நகராட்சி. காவல்துறை ஆணையரை நியமிப்பதோ மாநில ஆளுநர். ஆகவே, நகரத் தலைவர் ஆண்ட்ரூ பீட்டர்ஸுக்கு ஆணையரை அடக்கும் அதிகாரம் இல்லை. ஆணையர் எட்வின் கர்ட்டிஸ் உறுதியும் பிடிவாதமும் மிக்கவர். வெளிச் சங்கத்தோடு இணைந்த காவலன் இரு தலைவர்க்குக் கீழ்ப்பட்டவனாவான், அஃது ஆகாது என்பது அவர் கட்சி. சங்கப் பொறுப்பிலிருந்த 19 காவலர்களை அவர் விசாரித்துச் செப்டம்பர் 8-ஆம் நாள் பணி நீக்கி நிறுத்தி வைத்தார். ஜேம்ஸ் ஸ்டாரோ என்னும் பெருமகனாரின் தலைமையில் நகரத் தலைவர் அமைத்த குழுவினர் ஒரு சமரச வழி கண்டிருந்தனர். காவலர்கள் தொழிலாளர் கூட்டமைப்பை விட்டு விலகித் தமக்கெனத் தனிச் சங்கம் வைத்துக்கொள்வது, அவர்தம் குறைகளை நடுநிலையாளர் ஆராய்வது, எவரையும் தண்டியாது விடுவது என்பனவே அவ்வழி. நகரத் தலைவர் அதனை ஏற்றார், ஆணையர் மறுத்தார். ஆளுநரோ, ஆணையரின் அதிகாரத்தில் தலையிடுவது தமக்கு முறையன்று எனக் கூறி விலகி நின்றார்.

செப்டம்பர் 9-ஆம் நாள் மாலை 5.45 மணிக்கு 1,117 காவலர்கள் பணியை விட்டு வெளியேறினர். அது மொத்தக் காவலருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. அன்றிரவு கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின. பொருள்கள் கொள்ளை போயின. தெருக்களில் வெளிப்படையாகவே சூதாட்டம் நடந்தது. மறுநாள் நகரத் தலைவர் பாஸ்டனில் இருந்த மாநிலக் காவற்படையினரை அழைத்தார். கலகத்தை அடக்க அவர்கள் சுட்டனர். அந்நாள்களில் ஒன்பதின்மர் உயிரிழந்தனர். காவற்படையின் குண்டுக்கு இரையானோரும் அவருள் இருந்தனர். செப்டம்பர் 11-ஆம் நாள்தான் ஆளுநர் கூலிட்ஜ் முழுப் பொறுப்பையும் தம் கையில் எடுத்தார். மேலும் படைகளை வரவழைத்தார். ஏறத்தாழ 5,000 படைவீரர் நகரைக் காத்தனர். ஒழுங்கு நிலைபெற்றது.

தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் காவலர்களைப் பணிக்குத் திரும்புமாறு கூறினார், அவர்களும் இசைந்தனர். ஆனால் ஆணையர் கர்ட்டிஸ் அவர்களை மீண்டும் ஏற்க மறுத்துவிட்டார். காம்பர்ஸ் ஆளுநருக்குத் தந்தி அனுப்பி, காவலரின் உரிமை மறுக்கப்பட்டது என முறையிட்டார். செப்டம்பர் 14-ஆம் நாள் கூலிட்ஜ் விடுத்த மறுமொழித் தந்தியில்தான் அப்புகழ்பெற்ற வாக்கியம் அமைந்திருந்தது: பொதுமக்களின் பாதுகாப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை, எவ்விடத்தும் இல்லை, எக்காலத்தும் இல்லை.

அச்சம் கொண்டிருந்த நாட்டுக்கு அவ்வாக்கியம் ஆறுதல் அளித்தது. செய்தித்தாள்கள் அதனை நாடெங்கும் பரப்பின. அவ்வாண்டு நவம்பரில் நடந்த தேர்தலில், முந்திய ஆண்டு 17,000 வாக்குகளால் வென்ற கூலிட்ஜ், அதே எதிராளியை 1,25,000 வாக்குகளால் வென்றார். எதிர்க்கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனும் அவருக்கு வாழ்த்து அனுப்பினார். 1920-இல் குடியரசுக் கட்சி அவரைத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்தியது.

இதன்பின் நடந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். 1923 ஆகஸ்டு 2-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஹார்டிங் மறைந்தார். செய்தி எட்டியபோது கூலிட்ஜ் தம் பிறந்த ஊரில், தந்தையின் இல்லத்தில் இருந்தார். விடியுமுன் 2.47 மணிக்கு, மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில், உறுதிமொழி செய்விக்கும் உரிமை பெற்ற ஊர் அலுவலராகிய தந்தையே மகனுக்குக் குடியரசுத் தலைவர் உறுதிமொழியைச் செய்வித்தார். 1924-இல் மக்கள் அவரைப் பெரும்பான்மை வாக்குகளால் தேர்ந்தெடுத்தனர். ஆனால் அவ்வாண்டு ஜூலையிலேயே, பதினாறு வயதான இளைய மகன், பந்தாடியபோது காலில் ஏற்பட்ட கொப்புளத்தால் குருதி நஞ்சாகி இறந்துவிட்டான். நாட்டின் முதல்வராயிருந்தும் மகனைக் காக்க முடியவில்லை. நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் அன்று தோன்றவில்லை.

அவர் ஆட்சியில் வரிகள் குறைந்தன. 1923-இல் 2,230 கோடி டாலராக இருந்த நாட்டுக் கடன் 1929-இல் 1,690 கோடி டாலராகச் சுருங்கியது. 1924-இல் அமெரிக்கப் பழங்குடி மக்கள் அனைவர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டத்தில் ஒப்பமிட்டார். அதே ஆண்டில், ஆசிய நாட்டார் குடியேறுவதைத் தடுத்த சட்டத்திலும் ஒப்பமிட்டார். விளைபொருள் விலை வீழ்ந்து வாடிய உழவர்க்கு உதவ வந்த மசோதாவை இருமுறை மறுத்தார். வாய் பேசாதவர் என்று பெயர் பெற்றிருந்தும், 1923 டிசம்பரில் அவர் காங்கிரஸ் முன் ஆற்றிய ஆண்டுரையே வானொலி வாயிலாக ஒலிபரப்பான முதல் ஆண்டுரை என்பது நாம் அறியத்தக்கது. அவர் மௌனத்தைப் பற்றி ஒரு கதையும் வழங்குகின்றது. விருந்தில் அருகிருந்த அம்மையார் ஒருவர், உங்களை மூன்று சொற்களேனும் பேச வைப்பதாகப் பந்தயம் கட்டியிருக்கிறேன் என்றாராம். அவர், “நீங்கள் தோற்றீர்கள்” என்றாராம்! 1927-இல், மீண்டும் போட்டியிட விரும்பவில்லை என்பதையும் ஒரு வரித் தாளில் எழுதியே அறிவித்தார். 1929 மார்ச்சில் பதவி நீங்கினார். அவ்வாண்டு அக்டோபரிலேயே பங்குச் சந்தை சரிந்தது. பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடர்ந்தது. பெருகி வந்த சூதாட்ட வணிகத்தைக் கட்டுப்படுத்த அவர் ஏதும் செய்திலர் என்னும் குற்றச்சாட்டு இன்றும் உண்டு. 1933 ஜனவரி 5-ஆம் நாள் நார்தாம்ப்டனில் மறைந்தார். பிறந்த சிற்றூரிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு வருவோம். காவலர் வேலைநிறுத்தம் செய்யலாகாது என்று கூலிட்ஜ் கூறியதை மறுப்பது அரிது. ஆலை நின்றால் முதலாளிக்கு இழப்பு. காவல் நின்றால் முதலில் துன்புறுவோர் காவலரின் குறைக்கு எவ்வகையிலும் காரணமாகாத எளிய மக்கள். பாஸ்டனில் கொள்ளை போனவை சிறு கடைகளும்தாம். மாண்டவர் தெருவில் நின்ற மனிதர்.

ஆனால் வரலாறு அவ்வாக்கியத்தோடு முடியவில்லை. பணியிழந்த காவலர்க்குப் பதிலாகப் புதிய காவலர்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்குத் தொடக்க ஊதியம் ஆண்டுக்கு 1,400 டாலர் என உயர்த்தப்பட்டது; சீருடையும் அரசுச் செலவில் வழங்கப்பட்டது. அதாவது, பழைய காவலர் கேட்டதும் மறுக்கப்பட்டதும் எதுவோ, அதுவே புதியவர்க்குக் கேளாமலே கிடைத்தது! கோரிக்கை நியாயமற்றது என்றோ, நிறைவேற்ற இயலாதது என்றோ இனி எவரும் கூறமுடியாது. வேலைநிறுத்தத்திற்கு முன்பே அதனைச் செய்திருந்தால் ஒன்பது உயிர்கள் தப்பியிருக்கும். ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாழ்வை இழந்திரா. சமரச வழி வகுக்கப்பட்டு மேசைமேல் இருந்தபோது, தலையிடும் ஆற்றல் பெற்ற ஒருவர் ஆளுநரே. ஆணையரை நியமிக்கும் அதிகாரம் அவருடையது. லாரன்ஸில் இணக்கம் கண்ட கை பாஸ்டனில் ஏன் அசையவில்லை என்பது நியாயமான கேள்வி. படையை முன்னதாகவே அழைத்திருக்க வேண்டும் என்று அவரே பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். காவலரின் குறையை முன்னதாகவே தீர்த்திருக்க வேண்டும் என்றும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வினா பாஸ்டனோடு நின்றுவிடவில்லை. 1965-இல் பாஸ்டன் காவலர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டு, பேச்சுவார்த்தை நடத்தும் உரிமை பெற்றனர். வேலைநிறுத்தத் தடை மட்டும் நீடித்தது. 1919-இல் ஸ்டாரோ குழுவினர் காட்டிய வழிக்கு அது வெகு தொலைவில் இல்லை. 1981-இல் வானூர்திப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, குடியரசுத் தலைவர் ரொனால்டு ரேகன் 11,000-க்கு மேற்பட்டோரைப் பணி நீக்கினார். அவரும் முன்பு கலிபோர்னியா மாநில ஆளுநராக இருந்தவர். கூலிட்ஜைப் பெரிதும் போற்றி, அவர் படத்தை அமைச்சரவைக் கூடத்தில் மாட்டி வைத்தவர்.

மாணவர்களே! கூலிட்ஜிடம் கற்பதற்குரியன பல உள்ளன. பொதுப் பணத்தைத் தன் பணத்தினும் மிகக் கருத்தாகப் பேணுதல், சொல்லை அளந்து பேசுதல், பதவியைத் தானே விட்டு இறங்கும் மனத்திண்மை ஆகியவை எளிதிற் காணக்கூடியன அல்ல. அவரிடம் குறையாக நின்றதையும் கற்றல் வேண்டும். வேலைநிறுத்தம் செய்யும் உரிமை உனக்கில்லை என்று அரசு ஓர் ஊழியனிடம் கூறுமாயின், அவன் முறையீட்டைக் காலத்தில் கேட்டு நீதி வழங்கும் பொறுப்பை அவ்வரசு அந்நொடியே ஏற்றுக்கொள்கின்றது. உரிமையைப் பறித்துப் பொறுப்பை மறுப்பது நீதியாகாது. புகழ்பெற்ற வாக்கியம் ஒன்றை வரலாற்று நூலில் காணும்போதெல்லாம், அது பிறப்பதற்கு முந்திய மூன்று மாதங்களில் நடந்தது யாது, பின்வந்த மூன்று மாதங்களில் நடந்தது யாது எனத் தேடிப் பாருங்கள். அவ்வாறு தேடிய பின்னரே அதனைப் பாராட்டவோ பழிக்கவோ நமக்கு உரிமை உண்டாகும்.